முனியம்மாக்காவிடம் தோற்ற அண்ணனுக்கு

என்னைப் படிக்க அனுப்பிவிட்டு, படித்ததற்காக என்னிடமே கோபித்துக்கொண்ட அண்ணா,

இன்று கல்லறைத் திருநாள். உங்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். எம்.ஏ. தேறிவிட்டேன். கேட்க நீங்கள்தான் இல்லை.

நம் ஊர்க் கூலிக்காரர் சங்கத்துக்கு எட்டு வருஷம் நீங்களே தலைவர். மனு எழுதுவது, அரூருக்கு பஸ் ஏறுவது, அதிகாரியிடம் பேசுவது எல்லாம் நீங்கள்தான். "எனக்குப் பொறவு நீதான் இத நடத்தணும். அதுக்குண்டான படிப்பப் படி" என்று என்னை மெட்ராசுக்கு அனுப்பினீர்கள். சமூகப்பணிப் படிப்பு. ஒருவரே தாங்கி நிற்கும் சங்கம் அவரோடு படுத்துவிடும் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. களப்பணிக்கு நம் ஊருக்கே வந்தேன். முதல் கூட்டத்திலேயே, "தேர்தல் வெக்கலாம்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். உங்களை எதிர்த்து யார் நிற்பார்? கடலை பிடுங்கக் கூலிக்குப் போகும் முனியம்மாக்கா எழுந்து, "நான் நிக்கறனுங்க" என்றார். ஜெயித்தும் விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "என்னியத் தோக்கடிக்கத்தான் உன்னப் படிக்க வெச்சனா?"

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ? ஒன்றரை மாதம் நீங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. என்னோடும் பேசவில்லை.

மனைப் பட்டாவுக்காகத் தாசில்தார் வரச்சொன்ன அன்று, யாரும் கூப்பிடாமலே வந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தீர்கள். ஆபீசில் அவர் பழக்கதோஷத்தில் உங்களைப் பார்த்தே பேசினார். நீங்கள் ஓரடி பின்னால் நகர்ந்தீர்கள்.

"தலைவரு இவங்கதானுங்க. இவங்களையே கேளுங்க."

முனியம்மாக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "எங்களுக்கு வூடு இல்லீங்க. கட்டிக்கலாம்னா எடமும் இல்லீங்க" என்று தொடங்கினார். முடிப்பதற்குள் தாசில்தார் பேனாவை எடுத்திருந்தார்.

திரும்பும்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானாருந்தா இன்னும் சுருக்கா முடிச்சிருப்பேன்" என்றீர்கள். கொஞ்ச தூரம் போனபின், "ஆனாலும் அந்தம்மா நல்லாத்தான் பேசுச்சு" என்றீர்கள். அடுத்த மாதமே உங்களுக்கு நெஞ்சு வலி. நாம் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க நாளே கிடைக்கவில்லை.

பட்டா வந்துவிட்டது அண்ணா. முனியம்மாக்காவின் தலைவர் பதவிக்காலம் முடிகிறது. அடுத்த தேர்தலில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் நிற்கிறாள், கெட்டிக்காரி. நிற்கப் போகிறேன். தோற்றுப்போனால் வீட்டில் முடங்க மாட்டேன். அடுத்த கூட்டத்திலேயே தலைவராகிவிட்ட அவளுக்கு முன்னால், எல்லாரோடும் போய்த் தரையில் உட்காருவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பிடிவாதத்தில் பாதியை வாங்கிப் பிறந்த தங்கை,
ரீத்தா