பதினொன்றாம் எண் சட்டை

கிளேஸ் பே,
12 ஜனவரி 2009

அன்புள்ள லொரெட்டுக்கு,

நலம்தானே? நலமாகத்தான் இருப்பாய், டிவியில் பார்க்கிறேனே. உன் கல்லூரிப் பெண்களை நீ அதட்டுகிற அதட்டலுக்கு என் பள்ளி பஸ் பிள்ளைகள்கூட அடங்கிவிடுவார்கள். ஒன்பது வருடம் கனடா கூடைப்பந்து அணி, இப்போது பயிற்சியாளர். நான் அதே ரோட்டில், அதே பனியில் பஸ் ஓட்டுகிறேன்.

நம் பள்ளி அரங்கில், இனி யாரும் அந்த எண்ணைப் போடக்கூடாது என்று, உன் பதினொன்றாம் எண் சட்டையைக் கூரையில் ஏற்றித் தொங்கவிடப் போகிறார்களாம். ஊரே பூரிக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. நான் வரவில்லை.

மோய்ரா

ஹாலிஃபாக்ஸ்,
20 ஜனவரி

என் மோய்ராவுக்கு,

வயிற்றெரிச்சலை ஒளிக்காமல் எழுதுகிறவள் நீ ஒருத்திதான். நீ வராமல் அந்தச் சட்டை ஏறக்கூடாது. ஏன் என்று உனக்கும் தெரியும்.

உன் லொரெட்

கிளேஸ் பே,
2 பிப்ரவரி

லொரெட்,

தெரிந்தும் பதினெட்டு வருடம் ஏன் வாய் திறக்கவில்லை? பள்ளிகளின் இறுதி ஆட்டத்தில் நீ கால் சுளுக்கி பெஞ்சில் இருந்தாய். என் மூக்கு உடைந்தது. ரத்தச் சட்டையோடு ஆடக்கூடாது என்று நடுவர் வெளியே அனுப்பினார். நம்மிடம் மாற்றுச் சட்டை ஏது? "என்னோடத போட்டுக்கடி, போ" என்று நீதான் கழற்றிக் கொடுத்தாய். கடைசி நாலு நிமிடத்தில் இடதுகையால் ஒன்பது புள்ளி போட்டேன். கனடா அணிக்கு ஆள் தேடி வந்தவர் பனியில் மாட்டித் தாமதமாக வந்து, அந்த நாலு நிமிடத்தைத்தான் பார்த்தார். பதினொன்று என்று குறித்துக்கொண்டு போனார். அழைப்பு உன் வீட்டுக்கு வந்தது.

நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன்.

மோய்ரா

ஹாலிஃபாக்ஸ்,
9 பிப்ரவரி

மோய்ரா,

உறையைப் பிரித்ததுமே தெரிந்தது, அது உனக்கு வந்தது. போகாமலிருக்க மனம் வரவில்லை. கனடா அணியின் பயிற்சி முகாமில் முதல் நாளே, "எங்க, அந்த இடதுகைய காட்டு" என்றார்கள். மணிக்கட்டு வலி என்று பொய் சொன்னேன். இரண்டு மாதம், மற்றவர்கள் சாப்பிடப் போனபின் தனியாக எறிந்து எறிந்து இடதுகையைப் பழக்கினேன். அதன்பின் உன் முகத்தில் விழிக்கப் பயம்.

சட்டையை அனுப்பியிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நீ மூக்கைத் துடைத்த ரத்தக் கறை அதன் கழுத்தில் இன்னும் இருக்கிறது. ஏற்றுவதா வேண்டாமா, நீ சொல்.

லொரெட்

கிளேஸ் பே,
17 பிப்ரவரி

லொரெட்,

சட்டையைப் போட்டுப் பார்த்தேன், தோளிலேயே நின்றுவிட்டது.

எனக்குப் பிறவியிலேயே இடதுகை. ஒருநாளும் பழகியதில்லை. அந்த முகாமில் மூன்றாம் நாளே வீட்டு நினைப்பில் பஸ் ஏறியிருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருடம் அந்த அழைப்புக்காக எரிந்தேன். இப்போது உன் இரண்டு மாதத்தை நினைத்தால் அதைவிட எரிகிறது.

சட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஏற்று. மைக்கில் என் பெயரைச் சொல். நாலு நிமிடம் நான் போட்டிருந்தேன் என்று சொல், ஐந்து என்று கூட்டிச் சொல்லாதே.

முன்வரிசையில் இடம் பிடித்து வை. கைதட்டுவேனா என்று மட்டும் கேட்காதே.

மோய்ரா