பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்த அன்று

நீ இப்பதான் கண்ணசந்தே, அதனால எழுப்பலை. சோறு ஆக்கி மூடி வெச்சிருக்கேன். ரெண்டு வாயாவது சாப்பிடு.

பாப்பா சைக்கிளை எடுக்க உன் தம்பி பதினொரு மணிக்கு வருவான். குடுக்க மனசு வரலைன்னா, இன்னொரு நாள் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடு.

நான் அச்சகத்துக்குப் போறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவங்க பாடின பழைய பாட்டையெல்லாம் தொகுத்துப் புத்தகமாப் போடுறாங்க. பிழை திருத்துற வேலை என் தலையில விழுந்துச்சு. ஒரு பாட்டைத் தாண்டவே முடியலை. தாளைத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்.

நேத்து நீ, "அன்னிக்குக் காலையில அவ உடம்பு சுட்டது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"ன்னு கேட்டே. பதிலை இப்ப எழுதுறேன். தெரியும். நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணக் காய்ச்சல்தானேன்னு உன்கிட்டகூடச் சொல்லாம வேலைக்குக் கிளம்பிட்டேன்.

(இடமில்லை, ஓரத்துல எழுதுறேன்.) அந்தப் பாட்டுல அப்பன், என் பிள்ளையை நீ ஏன் எடுத்துக்கிட்டேன்னு கடவுள்கிட்ட சண்டை போடுறான். எனக்கு அந்தச் சண்டை போடக்கூட வாயில்லை.

என் சாவியையும் மேசை மேலயே வெச்சிருக்கேன். ஆறு மணிக்கு வருவேன். கதவைத் திறக்கிறதும் திறக்காததும் உன் இஷ்டம்.