பொன்விழாவும் சந்து ஜன்னலும்

இராமநாதபுரம்,
10-3-1963, ஞாயிறு.

அன்பு மகள் வர்த்தினிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அய்யாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் ஒரு கேள்வி. ஒரு பாங்கு ஐம்பது வருஷம் ஊருக்குச் சேவை செய்தது என்றால், அந்த ஐம்பது வருஷமும் ஊரில் பாதிப் பேர் ஏன் சந்தில் நின்றார்கள்? இரண்டு நாளாக யோசிக்கிறேன், எனக்கு விடை தெரியவில்லை. நம் கூட்டுறவு பாங்கின் பொன்விழா வரும் ஞாயிற்றுக்கிழமை. அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னுடையது, அதைத் தன் பெயரில் வாசிக்கும் சிரமம் காரியதரிசியான உன் அய்யாவுடையது.

வட்டிக்கடைக்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காப்பாற்ற நாலு வக்கீல்கள் ஆரம்பித்த பாங்கு இது, அந்த வட்டிக்கடைக்காரர்களின் மருமகன்களே பிற்பாடு டைரக்டர்கள் ஆகிவிட்டதால் காப்பாற்றும் வேலை சுலபமாயிற்று. பொய் சொல்லக் கூடாது, உச்சிப்புளிப் பக்கம் எத்தனையோ கிணறுகளும் பாம்பனில் எத்தனையோ வள்ளங்களும் இந்தக் கடனில் வந்தவைதான், என்னைச் சென்னைக்கு அனுப்பி பி.ஏ. படிக்க வைக்க என் தகப்பனார் வாங்கியதும் இங்கேதான். படித்துவிட்டு வந்த பட்டதாரியும் பணம் கட்டச் சந்துக்குத்தான் போனாள். பெண்கள் கூடத்துக்குள் போகும் வழக்கமில்லை, காஷியருக்குப் பின்னால் சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல், அதில் கையை நீட்டிக் கட்டலாம், வாங்கலாம். கூடத்து பெஞ்சுகளில் காலை முதல் ஆண்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கணக்கே கிடையாது, பாங்கு வாங்கிப் போடும் பேப்பரைப் படிக்க வருகிறவர்கள், நாட்டு நடப்பில் அவ்வளவு அக்கறை. இப்போது தலைவர் உக்கிரபாண்டி தம் தகப்பனாருக்கு மதுரையில் ஆளுயரப் படம் எழுதி வாங்கிவிட்டார். ஒரு சுவரில் இரும்பு அறைக் கதவு, ஒன்றில் கடிகாரம், ஆகவே ஜன்னலை அடைத்து அந்த இடத்தில் படத்தை மாட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானம், நாளைக் காலை கொத்தனார் வருகிறார். பெண்கள் என்ன செய்வார்கள் என்று உன் அய்யாவிடம் கேட்டேன். வீட்டு ஆண்களிடம் கொடுத்தனுப்பட்டுமே என்றார். எல்லாப் பெண்களுக்கும் தன்னைப் போல ஒருவர் வாய்த்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

அடுத்த தெருவில் ஓலைப்பெட்டி முடைகிற சாலிஹாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன்தான், கடிதம்கூட இல்லை. மகள் காலிதாவை ஜூனில் டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க வேண்டும் என்று வாரம் தவறாமல் ஜன்னலில் கட்டி வருகிறாள். அந்தப் பணத்தைத் தம்பி சீனி முகம்மதிடம் கொடுத்தனுப்பினால் பாங்குக்குப் போகும் வழியிலேயே அது சங்கு வியாபாரத்தில் முதலீடாகிவிடும், அவன் வியாபாரத்தில் இதுவரை சங்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. இன்று மத்தியானம் போய் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போகக் கூடாதென்று எந்த விதியும் இல்லையே என்று ஒரு பட்டதாரி யோசனையும் சொன்னேன். அவள் ஓலையைக் கிழித்துக்கொண்டே, "வாசல் பெருசாத்தான் இருக்கு டீச்சரம்மா. நீங்க என்னைக்காச்சும் போயிருக்கீகளா?" என்றாள். நான் பெட்டி என்ன விலை என்று கேட்டேன். தேவையில்லாமல் இரண்டு பெட்டி வாங்கி வந்திருக்கிறேன்.

குழந்தைக்குச் சளி என்றாயே, அது விடும்வரை தலைக்கு ஊற்றாதே. மாப்பிள்ளை சிகரெட்டைக் குறைத்துவிட்டதாக எழுதியிருந்தாய், குறைத்ததை எண்ணியவர் யார் என்று எழுதவில்லை. உன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கு என்று மூன்றாம் தடவையாக எழுதுகிறேன், நீயே நேரில் போய், வாசல் வழியாகப் போய்த் தொடங்கு. மூவரும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் கை நீட்டாமல் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
நாகலெட்சுமி.

பி.கு. திங்கள் மாலை. காலையில் தபாலில் சேர்க்கவில்லை, அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு பத்து மணிக்குப் போனேன். சந்தில் ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் ஈரச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாலிஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுற்றி வந்து வாசற்படி ஏறினாள். அடுத்தபடி நான் போனேன் என்று எழுத ஆசைதான், நாலாவதாகப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போய்விட்டார்கள். பேப்பர் உள்ளேயே கிடந்தது, அதைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று விதி, எழுதியவர் உன் அய்யா. சாலிஹா பணத்தைக் கட்டி ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, காலி பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பேப்பரால் விசிறிக்கொண்டாள். மத்தியானம் உன் அய்யாவிடம், எழுந்துபோய்ச் சந்தில் நின்ற பெஞ்சுக்காரர்களின் மனு ஒன்று வந்தது. ஜன்னலைத் திறந்து பேப்பரை அதன் வழியாகக் கொடுக்க வேண்டுமாம், சந்தில் வெயில் தாங்க முடியவில்லையாம், ஒரு கீற்றுப் பந்தலும் போட வேண்டுமாம். சந்தில் வெயில் அடிக்கிறது என்று பாங்குக்கு ஐம்பது வருஷத்தில் வந்த முதல் புகார் இதுதான்.