யதுர்ஷிகாவின் தம்பிக்கு ஒரு பெயர்

12.02.2024
ஐந்தாம் மாதம். பெயர் முடிவாகிவிட்டது: யதுர்ஷன். ஆண் பிள்ளைதான், எனக்குத் தெரியும். இவருடைய அக்கா சிவனேஸ்வரி, "நட்சத்திரம் பாக்காமல் என்ன அவசரம்?" என்கிறா. முன்பள்ளியில் பத்து வருடமாகப் பெயர் கூப்பிடுகிறவள் நான். எந்தப் பெயர் எதோடு சேரும் என்று பஞ்சாங்கமா எனக்குச் சொல்லித் தரும்?

யதுர்ஷிகா, யதுர்ஷன். கேட்ட உடனே ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தோன்ற வேண்டும். "மூத்தது முதல் தாரத்துப் பிள்ளை" என்று நெடுங்கேணிச் சந்தையில் ஒருவரும் இனி வாய் திறக்கக்கூடாது.

20.02
யதுர்ஷிகா இன்னும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். முன்பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளை. அவளுடைய அப்பாவை நான் கட்டி ஒன்றரை வருடமாகியும் வாய் மாறவில்லை. மாறும். மூன்று வயதில் தாயைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், அவசரப்படுத்தக்கூடாது.

09.03
இன்று சாப்பிடும்போது பெயரைச் சொன்னேன். துள்ளுவாள் என்று நினைத்தேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அவளுடைய அப்பா தயாபரன் கூப்பிட்டும் வரவில்லை. பொறாமையாம், சிவனேஸ்வரி மச்சாள் போனில் சொன்னா. அதுவா பொறாமைப்படுகிற பிள்ளை? பென்சிலை முறித்துப் பாதியைக் கொடுக்கிறவள்.

10.03
தலை இழுத்துப் பின்னிவிடும்போது அவளே சொன்னாள். "ரீச்சர், என்ர அம்மாவுக்கு யதுகலா எண்டு பேர். அதில இருந்துதான் எனக்கு வைச்சவா. தம்பிக்கு அதைக் குடுக்காதேங்கோ."

என்ன விசரி நான்! சுவரில தாயின்ர படம் தொங்குது, ஒவ்வொரு நாளும் பூ வைக்கிறன், அந்தப் பேரை மட்டும் ஒரு நாளும் யோசிக்கேல்லையே. ஊர் வாயை மூடப் போய், தாய் அவளுக்கென்று விட்டுப்போனதில் கை வைக்கப் பார்த்தேன்.

"குடுக்கேல்லை," என்றேன். "அப்ப என்ன வைப்பம்?"

பின்னி முடியும் வரை யோசித்தாள். "உங்கட பேரில இருந்து எடுங்கோவன்."

11.03
கஜேந்தினி. கஜ... கஜரூபன்! யதுர்ஷிகாவோடு சேர்த்துச் சொன்னால் ஒட்டவே இல்லை. பரவாயில்லை. இதுதான்.

18.06
ஆண் பிள்ளை. நான் சொன்னேனா இல்லையா!

18.07
பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள், பெயர் வைக்கிற நாள். வீடு நிறையச் சனம். மச்சாள்தான் பிள்ளையின் காதில் பெயர் சொன்னா, அரை மனதோடு. பூவரசங்குளத்திலிருந்து வந்த வடிவம்மா மாமி விடவில்லை. "மூத்தவள் யதுர்ஷிகா, இவன் கஜரூபனோ? ஒரு பொருத்தமும் இல்லையே. ஆர் வைச்சது?"

நான் பதிலோடு தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் யதுர்ஷிகா பலகாரத் தட்டோடு வந்து நடுவில் நின்றாள்.

"எங்கட வீட்டில அம்மாமாரின்ர பேரில இருந்துதான் பேர் வைக்கிறது," என்றாள். "ஏன் மாமி, உங்கட வீட்டில அப்பிடி இல்லையோ?"

மாமி பயத்தம் பணியாரம் ஒன்றை எடுத்து வாயில் போட்டா.

பிள்ளைக்குப் பசி என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் நன்றாக அழுதேன். அவன் நல்ல நித்திரை.