பதினோரு நிமிஷம்

புது சர்வர் வைக்க இடம் வேண்டுமென்று இன்று கம்ப்யூட்டர் அறை அலமாரியை ஒழித்தேன். பச்சைக் கோடு போட்ட பழைய பிரிண்ட் அவுட் ஒன்று சரிந்து விழுந்தது. மடிப்புக்குள் ஒரு கொடுக்காப்புளிக் கொட்டை, பளபளப்பு கொஞ்சமும் போகாமல். உன் வேலைதான். இந்த அறையில் எதுவும் தின்னக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளும் நீ. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கொடுக்காப்புளி வாங்கிவந்து, அந்தச் சுவரோரமே உட்கார்ந்து தின்றவளும் நீ.

எந்தக் கம்ப்யூட்டர் மெஷின் வேகம் என்று பார்த்துச் சொல்வது இந்த உதிரிபாகக் கம்பெனியில் நம் இருவரின் பொறுப்பு. விற்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நீ ஒருவரையும் நம்பமாட்டாய். எல்லா மெஷினிலும் ஒரே பட்டியலை ஏற்றி, ஒரே கேள்வியைக் கொடுத்து, வாட்சைப் பார்த்து நேரம் குறிப்போம். இரண்டு லட்சம் உதிரிபாகங்கள். கடைசி வரியில் உன் பெயர். அந்தப் பெயரைத் தேடு என்பதுதான் கேள்வி.

"என்னைக் கண்டுபிடிக்கணும்னா முழுசாத் தேடணும்டி" என்று சிரிப்பாய். ஒவ்வொரு முறையும் மெஷினை அணைத்துப் போட வைப்பாய். "ரெண்டாவது வாட்டி கேட்டா அதுக்கு ஞாபகம் இருக்கும். அது கணக்குல சேராது."

நம் பழைய மெஷின் உன்னைக் கண்டுபிடிக்கப் பதினோரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. சர்ச் பாட்டுக் குழுவில் நடந்த சண்டை, சிட்லபாக்கம் ஏரித் தண்ணீர் உங்கள் வீட்டுக் கொல்லைக்குள் வந்தது, எல்லாம் அந்த இடைவெளியில்தான் பேசினோம். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் முதலில் வாய்விட்டுச் சொன்னதும் அப்போதுதான். நீ பதில் சொல்வதற்குள் மெஷின் சொல்லிவிடுமோ என்று பயந்தேன். சொல்லவில்லை. நல்ல மெஷின் அது.

பிறகு, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் புது மெஷின் வந்தது. அன்று நீ கொடுக்காப்புளி வாங்கி வரவில்லை. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கீயைத் தட்டினேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்று ஆரம்பித்தாய்.

அதற்குள் திரையில் உன் பெயர். "ஒன்பது செகண்ட்!" என்று கத்திக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். ஆபீஸே கூடிவிட்டது. சாயங்காலம் ஸ்டேஷனில்தான் ஞாபகம் வந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன். டிரெயின் வருது பாரு."

மறுவாரம் நீ லீவு போட்டாய். புது மெஷின் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள் என்று எல்லோரிடமும் புலம்பினேன். ஒருநாள்கூட உன் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து வந்தேன். அப்போது உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டாக்டர் சொன்ன மறுநாள் காலையில வேலைக்குக் கிளம்பினாம்மா. முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு சொன்னா. எங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதாம், உனக்குத் தெரியுமாம்."

நான் அன்று என்ன ஆறுதல் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அதன்பிறகு எவ்வளவோ பேர் இந்த அறைக்கு வந்து போனார்கள். பேச ஒருவரும் இல்லை.

இன்று புது சர்வரிலும் உன் பட்டியலைத்தான் ஏற்றினேன். அணைத்துப் போட்டு, உன் பெயரைக் கேட்டேன். கீயிலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டாய். வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். புது மெஷின் வரும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் உட்காருகிறேன், பதினோரு நிமிஷம்.

பக்கத்து மேஜை சகுந்தலா எட்டிப் பார்த்தாள். "ரிசல்ட்தான் வந்துடுச்சே அக்கா, இன்னும் எதுக்கு வெயிட் பண்றீங்க?"

"இன்னும் வரலம்மா" என்றேன்.