எல்லாக் கணினியிலும் என் பெயர்

மார்ச் 4

இந்தப் பக்கத்தைத் தொடங்கும்போது டீ சூடாக இருந்தது. இப்போது ஆடை கட்டிவிட்டது. என் வேகம் அப்படி. போன வருடம் வரை கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த கட்டைவிரல், இப்போது பேனாவுக்கு முட்டுக்கொடுக்கிறது. பதவி உயர்வு கிடைத்த திமிர் அதற்கு.

மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்று ஆறு மாதம் ஆகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, பேருந்துச் சீட்டின் பின்பக்கம், பக்கத்து வீட்டுக் கதவில் 'நாய் ஜாக்கிரதை'. அந்த வீட்டில் நாயே கிடையாது. எழுத்திலும் பொய் சொல்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுதுவதில் எனக்குப் பிடித்தது என் பெயர்தான். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் போதும். நான் எழுதுகிறேன், மருமகள் துடைக்கிறாள். நான் எழுதுகிறேன், அவள் துடைக்கிறாள்.

மார்ச் 9

மகன் லாரி ஓட்டுகிறான், பாதி மாதம் சாலையில். கணினி பழுது பார்க்கும் கடை மருமகளுடையது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சுவிட வெளியே போகவேண்டும். சுவர் ஓரம் முழுக்க வயிற்றைத் திறந்துபோட்ட கணினிகள். திருகாணிகளெல்லாம் பாட்டில் மூடிகளில். (வகுப்பில் 'கணினி' என்று எழுதச் சொன்னார்கள். கம்ப்யூட்டரைவிட எழுத்து குறைவு, கை வலிக்காது.)

பழுது பார்ப்பதில் பெரிதாக மிஞ்சாதாம். கடைகளில் கணக்குப் போட, பில் அடிக்க, கடிதம் அடிக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை விற்பதில்தான் கடை ஓடுகிறது. முன்பு ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் உனது. இந்த வருடம் நிறுவனம் அதை ஆண்டுச் சந்தாவாக மாற்றிவிட்டது. சொந்த வீடு வாடகை வீடானது மாதிரி. முதலில் கொஞ்ச நாள் இலவசம். ஏப்ரல் கடைசியில் கட்டினால் தொடரும், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

எதிர்க்கடைக்காரர் அதையே திருட்டு நகலாகச் சும்மா ஏற்றிக் கொடுக்கிறார்.

"அப்புறம் உங்கிட்ட ஏம்மா வர்றாங்க?" என்று கேட்டேன்.

"நம்பிக்கைதான் மாமா. நான் போட்டா பாதியில நிக்காதுன்னு. ஏப்ரல் கடைசில பாதிப் பேர் கழண்டுக்கிட்டாலும் கடைக்குப் பூட்டுதான்."

இன்று ஒரு கணினியில் அதை ஏற்ற வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடினாள். பச்சைக் கோடு மெல்ல நிறைந்தது. பிறகு நீளமாக ஓர் ஒப்பந்தம் வந்தது. அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். படிக்காமல் எப்படி ஒப்புக்கொள்வது? படித்தேன். மதியம் போய்விட்டது. நான் முழுதாகப் படித்த முதல் பெரிய நூல் அதுதான். அதில் 'நீங்கள்' என்று ஒருவன் வருகிறான். எது நடந்தாலும் அவன்தான் பொறுப்பு. 'நாங்கள்' என்று ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் எதற்கும் பொறுப்பில்லை. அந்த 'நீங்கள்' பாவம். இரண்டு இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் 'பெயர்' என்று ஒரு காலிக் கட்டம்.

கிடங்கில் மூட்டை தூக்கிய காலம் முழுக்க எங்களுக்கு ஒரே சட்டம். சரக்கு யாருடையதாக இருந்தாலும் சரி, இறக்கியவன் ரேகை வைக்கவேண்டும். மூட்டை கிழிந்திருந்தால் ரேகைக்காரனைத் தேடி வருவார்கள். இங்கே வேலையை முடித்தது யார்? நான். அடித்தேன் என் பெயரை. போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். என் போனுக்கு ஓர் எண் வந்தது, அதைப் பார்த்துப் போட்டேன். என் பெயரைச் சொல்லி 'வாழ்த்துகள்' என்றது. நெஞ்சு கொஞ்சம் விம்மியது, மறைப்பானேன்.

மருமகள் வந்து பார்த்து, "அட, முடிச்சே வச்சிட்டீங்களா!" என்றாள்.

"ஒப்பந்தம் முழுசையும் படிச்சேன்."

"உலகத்துலயே அதைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான் மாமா."

மார்ச் 10

இனி அந்த வேலை என்னுடையது. அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

மார்ச் 21

மருந்துக்கடைக் கணினிகள் அத்தனையும் இன்று என் கையால் முடிந்தன. அடிக்கும் வேகம் கூடிவிட்டது. டீயை இப்போது சூடாகவே குடிக்கிறேன்.

மார்ச் 30

தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து பிறருக்கு மனு அடித்துக் கொடுக்கும் அம்மா வந்தார். மருமகள் அப்போது கடையில் இல்லை.

"ஐயா, நான் அடிக்கிற ஒவ்வொரு மனுவுலயும் 'எழுதியவர்'னு யாரோ ஒருத்தர் பேரு ஒட்டிக்கிட்டு வருது. யாருன்னு தெரியுமா?" என்று பெயரைச் சொன்னார்.

"நான்தான்!" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எப்ப எழுதினீங்க?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு விவாகரத்து மனு, ஒரு சுற்றுச்சுவர்த் தகராறு, குடிநீர்க் குழாய் உடைந்ததற்குக் கடுமையான ஒரு புகார் எல்லாம் என் எழுத்தாம். ஆறு மாதத்தில் என்ன வளர்ச்சி!

மருமகளிடம் சொல்லவில்லை. நம் பெருமையை நாமே சொல்லிக்கொண்டு திரியக்கூடாது.

ஏப்ரல் 7

விடியும்போதே போன். பிறகு இன்னொன்று. பிறகு ஓயவே இல்லை. எல்லோருடைய கணினியிலும் சிவப்புப் பட்டை விழுந்து, மென்பொருள் பூட்டிக்கொண்டதாம். 'இந்த உரிமம் விதிமுறைக்குப் புறம்பானது' என்று அதில் இருக்கிறது. மருந்துக்கடையில் பில் வரவில்லை, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது.

எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று ஊருக்கே கேட்க, "ஒரிஜினல் சரக்குக்கு ஏம்ப்பா சிவப்புப் பட்டை வருது?" என்றார்.

மருமகள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. யார் செய்த வேலையோ இது. நாசமாய்ப் போக.

ஏப்ரல் 8

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். எனக்கு அது தேவைதான்.

மருமகள் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். "ஒருத்தருக்கு அஞ்சு கம்ப்யூட்டர் வரைக்கும்தான்னு எனக்குத் தெரியுங்க. நான் தனித்தனியாத்தானே வாங்கியிருக்கேன்... என்னது, எல்லாம் ஒரே பேர்லயா? எந்தப் பேரு?"

அந்தப் பக்கம் சொன்ன பெயரை இவள் ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பச் சொன்னாள். சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்கம்மா," என்றேன்.

"ஒரே போன் நம்பர்லயுமா மாமா?"

அந்தந்தக் கடைக்காரர் பெயரையும் எண்ணையும் போட்டிருக்கவேண்டுமாம். நான் ஊரையே என் பெயரில் பதிந்துவிட்டேன். அந்த அம்மாவின் மனுக்களில் என் பெயர் ஒட்டிக்கொண்டு வந்ததும் இதனால்தான். ஒரு ஆளுக்கு ஐந்து என்று அந்த ஒப்பந்தத்தில் இருந்ததாம். இருந்தது! எனக்கே நினைவிருக்கிறது. கதையில் யாருக்கோ சொல்கிறார்கள் என்று தாண்டிப் போனேன். உலகத்திலேயே அதைப் படித்த ஒரே ஆள்தான் அதை மீறியவனும்.

அவள் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள். பிறகு தலை நிமிராமலே, "இனிமே கீபோர்டைத் தொடாதீங்க மாமா," என்றாள்.

திட்டியிருக்கலாம். அவள் திட்டாததை நானே திட்டிக்கொண்டேன். என்னடா வேலை பாத்து வச்சிருக்கே நீ? இத்தனை வருஷம் எழுத்தில்லாமக் கிடந்தவனுக்கு ஆறு மாசத்துல என்ன அவசரம்? எழுதத் தெரிஞ்சா கையைக் காலை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா? அவ கடை போச்சுன்னா — நீயா தூக்கி நிறுத்துவே? உன் முதுகுதான் போன வருஷமே போயாச்சே.

மகன் போனில், "அப்பா, நீங்க கைநாட்டாவே இருந்திருந்தா கடை பொழைச்சிருக்கும்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 9

இன்று எழுதவில்லை.

ஏப்ரல் 10

எழுதாமல் இருக்க முடியாத ஒன்று நடந்தது.

நிறுவனத்துப் பெண் சொல்லிவிட்டாளாம்: யார் பெயரில் பதிவோ அந்த ஆளே ஒவ்வொரு கணினி முன்னாலும் போய் உட்கார்ந்து, போனுக்கு வரும் எண்ணைப் போட்டு, தன் பெயரை விடுவிக்கவேண்டும். வேறு யாராலும் முடியாது.

"நீங்கதான் வரணும் மாமா. உங்களை விட்டா ஆள் இல்லை," என்றாள் மருமகள். இவ்வளவு கடுப்போடு இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அழைத்ததில்லை.

முதலில் மனு அடிக்கும் அம்மா. நான் உளவு பார்க்கிறேனோ என்று அவருக்கு அன்றைக்கே சந்தேகமாம். ராத்திரியில் நான் அவர் மனுவையெல்லாம் படிக்கிறேன் என்று பயந்துபோய், கணினி மேல் துணியைப் போர்த்தி வைத்திருந்தார். நான் என் பெயரை அழித்தேன். புதுக் கட்டம் வந்ததும் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "என் பேரை நானே அடிச்சுக்கிறேன்," என்றார். பழக்கதோஷத்தில் நான் கையை நீட்டியிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 11

தெருத் தெருவாக என் பெயரை நானே அழித்துக்கொண்டு போகிறேன். எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் தேடினேன். அழிக்கும்போது ஒரே பொத்தான், பிடித்து அமுக்கினால் மொத்தமும் போய்விடுகிறது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. சொன்னால் மருமகள் அடிப்பாள்.

ஏப்ரல் 12

மருந்துக்கடையைக் கடைசிக்கு வைத்திருந்தோம், பயத்தில். எங்கள் கடைக்கு முக்கால் வரும்படி அந்தக் கடைக்காரர்தான். அவர் போனால் எல்லாம் போச்சு.

நாங்கள் போகும்போது எதிர்க்கடைக்காரர் அங்கே முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார், கையில் பென் டிரைவோடு. மருந்துக்கடைக்காரர் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். கல்லா முன்னால் கூட்டம்.

மருமகள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்பெனி பக்கம் ஏதோ கோளாறு ஆயிடுச்சு சார்," என்றாள்.

பொய். எனக்காக ஒரு பொய். அதுவும் எதிர்க்கடைக்காரர் முன்னால். இத்தனை நாள் இவள் நின்றதே உண்மைச் சரக்கு என்ற ஒற்றைக் காலில்தான்.

"கோளாறு கம்பெனில இல்லைங்க. இங்க நிக்குது," என்று என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். "அவ சரியாத்தான் வாங்கிக் கொடுத்தா. நான்தான் ஆசையில எல்லாத்துலயும் என் பேரைப் போட்டுட்டேன்."

மருந்துக்கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பேருக்காரர் நீங்கதானா? கம்பெனிக்குப் போன் போட்டப்ப இந்தப் பேரைத்தான் சொன்னாங்க. ரெண்டு நாளா உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன். ஏன் போட்டீங்க?"

"எழுதக் கத்துக்கிட்டு ஆறு மாசந்தான் ஆச்சு. பேருன்னு ஒரு கட்டத்தைப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"ஆறு மாசத்துல என் கடையையே எழுதி வாங்கிட்டீங்களே பெரியவரே!"

மாத்திரைக்கு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு பாட்டிக்கு இருமலே வந்துவிட்டது. எனக்குக் காது சூடாகி, தரை எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

எதிர்க்கடைக்காரர் இதுதான் சமயம் என்று, "நம்ம சரக்குல இந்தத் தொல்லையே கிடையாது சார். பேரும் கேக்காது, நம்பரும் கேக்காது," என்றார்.

"அப்ப அது நின்னு போச்சுன்னா நான் யாரைத் திட்டறது?"

"யாரையும் திட்ட வேண்டியதில்லை சார்."

"அது எப்படிப்பா? இவர் பேராவது இருந்துச்சு, ஆசை தீரத் திட்டினேன். தேடிக்கிட்டு வந்து முன்னாலயும் நிக்கிறாரு." பிறகு என்னைப் பார்த்து, "உக்காருங்க எழுத்தாளரே. என் கடையைத் திருப்பிக் கொடுங்க," என்றார்.

கொடுத்தேன். எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். பில் ஓடத் தொடங்கியது. சந்தா கட்டுவீர்களா என்று மருமகள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "மாசக் கடைசில பாக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

வரும் வழியில், தெருமுனையில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இங்க நிக்குது" என்று என்னைப் போலவே நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

ஏப்ரல் 30

இன்றோடு இலவசக் கெடு முடிகிறது. சிலர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். தெருவில் பார்த்தால் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்கிறார்கள். மனு அடிக்கும் அம்மா சந்தா கட்டினார், ரசீதை வெளிச்சத்தில் பிடித்து என் பெயர் எங்கும் இல்லை என்று பார்த்த பிறகு.

மருந்துக்கடைக்காரர் நேற்று வரை வாயைத் திறக்கவில்லை. இன்று காலை கூப்பிட்டு, எல்லாக் கணினிக்கும் கட்டிவிடுவதாகவும், தம்பி திறக்கும் புதுக் கடைக்கும் சேர்த்து வந்து போடும்படியும் சொன்னார். மருமகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேசைமேல் ஒரு கணினியில் பச்சைக் கோடு பாதி நிறைந்திருந்தது. வாசலில் நின்று அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாத்துக்குங்க மாமா," என்றாள். எதை என்று சொல்லாமல் போய்விட்டாள்.

கோடு நிறைந்தது. ஒப்பந்தம் வந்தது. அந்தக் கணினியின் சொந்தக்காரரும் வந்து சேர்ந்தார். தெருவில் வண்டியை அணைக்காமலே விட்டுவிட்டு, ஒரு காலை மட்டும் கடைக்குள் வைத்து நின்றார். "உங்க பேரு சொல்லுங்க," என்றேன்.

"எதுக்குங்க அதெல்லாம்? நேரமாச்சு. உங்க பேரையே போட்டு முடிச்சு விடுங்க பெரியவரே."

வண்டியை அணைத்துவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.