வெள்ளைக்காரரின் ‘தா’

இஞ்சாருங்கோ, இன்று காலை பாய்லர் திருத்த ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வேலை முடிந்ததும் தேநீர் கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு, “தா, லவ்” என்றார். அவர் போய் நெடுநேரமாகியும் அந்தக் கோப்பையைக் கழுவ மனம் வரவில்லை. இந்தச் சமையலறையில் ஓர் ஆண் குரல் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

நீங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் பெட்ரோல் நிலையத்தில் சேர்ந்த புதிது நினைவுக்கு வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதி உத்தியோகம் பார்த்தவர் நீங்கள். இங்கே கவுண்டர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வந்த ஆங்கிலம் உங்களுக்குப் பிடிபடவேயில்லை. ஒருநாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முறையிட்டீர்கள்.

“சாமானும் குடுத்து, மிச்சக் காசும் குடுத்திட்டன். பிறகும் ‘தா’ எண்டுறான். இன்னும் என்னத்தைக் குடுக்கிறது? அதுவும் மரியாதையில்லாமல்! சரி, தேத்தண்ணி தாரும்.”

“தமிழ் படிச்ச வெள்ளையாக்கும்” என்றேன். நான் சிரித்ததைப் பார்த்து உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கூட வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவிதான் பிறகு உங்களுக்கு விளக்கினாள். ‘தாங்க் யூ’ சொல்ல நா வராத குழந்தைகளுக்குப் பழக்கும் சொல்லாம் அது. வளர்ந்த பிறகும் சனம் அதை விடவில்லையாம். அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

“எங்கடை பிள்ளையளும் முதல் பழகிறது ‘தா’தான். வெள்ளைக்காரர் நன்றி சொல்லப் பழக்கினம், நாங்கள் கேக்கப் பழக்கிறம்.”

அதோடு தெருவில் பேசும் ஆங்கிலத்தில் உங்களுக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. பவுண், ‘குவிட்’ ஆனது. முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் ‘மேட்’, பெண்களெல்லாம் ‘லவ்’ ஆனார்கள். கடைக்கு வருபவர்களிடம் நீங்களே ‘தா’ சொல்லத் தொடங்கினீர்கள். யாராவது நன்றிக்கு ‘சியர்ஸ்’ என்றால், வீட்டுக்கு வந்து “போத்தில் எங்கை?” என்று நையாண்டி செய்வீர்கள். தொண்ணூறுகளில் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து ‘விக்கிட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தான். நீங்கள் படித்த ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் கொடியது. அவனுக்கோ அருமை. என் இறைச்சிக் கறியை அவன் ‘விக்கிட்’ என்றதும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கொம்மா சமைச்சதைப் பழிக்கிறியோ?”

“நோ அப்பா, இட்ஸ் குட்!”

“அவனாவது சொல்லுறான். நீங்களும் ஒருக்கால் ஏதும் சொல்லுங்கோவன்” என்றேன்.

“வீட்டுக்குள்ளை ஆரும் நன்றி சொல்லுவினமே?” என்றபடி இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொண்டீர்கள். எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி. பேச்சு அநேகமாக நின்றுபோன அந்தப் பிற்பகலில், கரண்டியால் உங்களுக்குத் தண்ணீர் பருக்கினேன். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, “தா” என்றீர்கள். இன்னும் வேண்டுமாக்கும் என்று மறுபடி கரண்டியை நீட்டினேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு பேசவும் இல்லை. தாகத்தோடு அனுப்பிவிட்டேனோ என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

இன்று கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. நீங்கள் என்னை ஒருநாளும் ‘நீ’ என்று சொன்னதில்லையே. கோபத்தில்கூட ‘வாரும்’, ‘போம்’. தண்ணீர் வேண்டுமென்றால் ‘தாரும்’. ஆஸ்பத்திரியில் சொன்னது கேட்டதல்ல. அது நீங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பழகிய ‘தா’.

மகனிடம் சொல்லலாம் என்று போன் எடுத்தேன். அவன் வேறு ஊரில், வேலையில். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. வைத்துவிட்டேன்.

பின்னேரம் எனக்கு நானே தேநீர் ஊற்றினேன். உங்கள் கதிரையைப் பார்த்து, உங்களைப் போலவே ‘தா’ என்று சொல்லிப் பார்த்தேன். என் வாயிலிருந்து, கேட்கிற தமிழ்த் ‘தா’தான் வந்தது.